முதலில் தீ, அப்புறம் ஃபைல்

இராவணன் என்றால் நமக்கெல்லாம் ஒரு பிரமிப்பு. பத்துத் தலை, இருபது கை, வீணை வித்வான், கயிலாயத்தையே ஒரு ஆட்டு ஆட்டிப் பார்த்த உடம்பு. தேவர்களை வீட்டு வேலைக்கு வைத்திருந்தான் என்றும் சொல்வார்கள். வாயு வாசல் பெருக்க, வருணன் தண்ணீர் தெளிக்க, அக்கினி அடுப்படியில் நிற்க, ஏக தர்பார். அந்த ஊருக்குள் ஒரே ஒரு குரங்கு வந்தது. அதன் வாலில் துணி சுற்றி எண்ணெய் ஊற்றிப் பற்ற வைத்தவர்களும் ஊர்க்காரர்களே. நகரம் திகுதிகுவென்று எரிகிறது. தண்ணீருக்கு அதிபதியே சம்பளப் பட்டியலில் இருந்தும், "ஏய் வருணா, வாளியை எடு" என்று சொல்ல அந்தப் பத்து வாயில் ஒன்றுகூடத் திறக்கவில்லை.

பாரதத்துக்கு வாருங்கள். பாண்டவர்களைத் தீர்த்துக்கட்ட வாரணாவதத்தில் அரக்கு மாளிகை எழும்பியது. அரக்கு, நெய், மெழுகு, காய்ந்த மூங்கில் என்று பார்த்துப் பார்த்துப் போட்ட ப்ரீமியம் கட்டுமானம். விதுரர் ரகசியமாக ஆளனுப்பி அடியில் ஒரு சுரங்கம் வெட்டவைத்தார். இந்தியாவின் முதல் எமர்ஜென்சி எக்ஸிட் அதுதான். அதன் வழியாகப் பாண்டவர்கள் தப்பினார்கள். மாளிகையைக் கட்டிய புரோசனன் உள்ளேயே வெந்து போனான். தான் கட்டிய கட்டடத்தில் தானே குடியிருந்த பில்டர்! அந்தத் தவறை அதற்குப் பிறகு எந்த பில்டரும் செய்ததாகத் தெரியவில்லை.

தப்பிப் பிழைத்த அர்ஜுனனாவது பாடம் கற்றானா? காண்டவ வனத்தை அக்கினி தின்ன ஆசைப்பட்டபோது, கிருஷ்ணனோடு சேர்ந்து காவலுக்கு நின்றான். பாவம் இந்திரன், மழையைக் கொட்டி அணைக்கப் பார்த்தான். அர்ஜுனன் அம்பாலேயே கூரை போட்டு ஒரு சொட்டும் விழாமல் தடுத்தான். இன்றைக்கென்றால் தீயணைப்புப் பணிக்கு இடையூறு செய்ததாக உள்ளே தள்ளியிருப்பார்கள். அன்றைக்கு அந்த வேலைக்கென்றே அவன் கையில் காண்டீவ வில்லைக் கொடுத்தார்கள். கொடுத்தவர் யார் தெரியுமா? வருணன். சாட்சாத் தண்ணீர் இலாகா!

நம் மதுரையை விட்டுவிட்டால் கண்ணகி கோபித்துக்கொள்வாள். கோபம் வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஊருக்குத் தீ வைக்கும்போதே முதியவர், குழந்தைகள், பத்தினிப் பெண்கள், பசுக்கள் என்று யார் யாரை விட்டுவிட வேண்டும் என்று அக்கினிக்கு விவரமாகச் சொல்லிவிட்டாள். பாண்டிய அரசிடம் ஆயிரம் பெருமை இருந்திருக்கலாம். யாரை முதலில் காப்பாற்றுவது என்ற பட்டியல் மட்டும் தீ வைத்தவளிடம்தான் இருந்தது.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன்? தீயின் சரித்திரத்தைப் புரட்டினால் ஒரு விசித்திரம் கண்ணில் படுகிறது. தீ பிடித்தவுடன் சின்ன மனிதர்கள் வாளியைத் தேடி ஓடுகிறார்கள். பெரிய மனிதர்கள் தங்கள் கௌரவத்தைத் தேடி ஓடுகிறார்கள். இரண்டாவது ஓட்டம் முடியும்வரை தீ யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

ரோமாபுரிக்கு ஒரு நடை போய் வருவோம். கிராஸஸ் என்று ஒரு கோடீஸ்வரர். ஊரில் எங்கே வீடு எரிந்தாலும் அங்கே ஆஜராவார். எரிகிற வீட்டையும், அடுத்து எரியப் போகிற பக்கத்து வீட்டையும், கதிகலங்கி நிற்கும் சொந்தக்காரரிடமிருந்து அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போடுவார். அப்புறம் தன் அடிமைக் கொத்தனார்கள் 500 பேரை இறக்கிப் புதிதாகக் கட்டுவார். மும்பைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நாம் இதை ரீடெவலப்மென்ட் என்கிறோம். ஒரே வித்தியாசம், இங்கே தீ பிடிக்கும்வரைகூடக் காத்திருப்பதில்லை.

நீரோ ஃபிடில் வாசித்தான் என்பது வீண் பழி. ஃபிடில் என்ற கருவியே அப்போது கிடையாது. தீ பிடித்த அன்று அவன் ஊரிலேயே இல்லை. திரும்பி வந்து, வீடிழந்தவர்களுக்குத் தன் தோட்டங்களைத் திறந்துவிட்டான். அடடா, நல்லவனாக இருக்கிறானே என்று நாம் மனசு இளகும் நேரத்தில், எரிந்து காலியான இடத்தை வளைத்துப் போட்டுத் தனக்கொரு பொன் மாளிகை கட்டிக்கொண்டான்.

லண்டன் 1666. நடுராத்திரியில் எழுப்பப்பட்ட மேயர் பிளட்வொர்த் தீயை எட்டிப் பார்த்தார். ஒரு பெண்பிள்ளை மூத்திரம் பெய்தாலே அணைந்துவிடும் என்கிற அர்த்தத்தில் ஒரு திருவாக்கு உதிர்த்துவிட்டுத் தூங்கப் போனார். லண்டன் நான்கு நாள் எரிந்தது. கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் மட்டும் உஷார். தோட்டத்தில் குழி தோண்டித் தன் ஒயினையும் இத்தாலியப் பாலாடைக் கட்டியையும் பத்திரமாகப் புதைத்தார். ஒரு மாநகரின் பேரழிவுத் திட்டத்தில் உருப்படியாக நடந்தது அந்தப் பாலாடைக் கட்டி ஆபரேஷன் ஒன்றுதான்.

சரி, பம்பாய்க்கு வந்துவிடுவோம். 1803 பிப்ரவரி 17. கோட்டைக்குள் கடைவீதியில் தீ. அப்போது கோட்டை என்பது நிஜமான கோட்டை. மதில், அகழி, பீரங்கி, வெடிமருந்துக் கிடங்கு எல்லாம் உண்டு. தீயணைப்புப் படை மட்டும் இல்லை. பரவும் தீயைத் தடுக்கக் கிழக்கிந்தியக் கம்பெனி ராணுவம் தனக்குத் தெரிந்த ஒரே வைத்தியத்தைச் செய்தது. பீரங்கியால் சுட்டு வீடுகளை இடித்தது. தீக்குத் தப்பிய வீட்டுக்காரர் "அப்பாடா" என்று மூச்சு விடுவதற்குள் குண்டு வந்து கூரையைப் பிளந்தது.

ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போயிற்று. அப்புறம்தான் அரசாங்கத்துக்கு ஞானம் பிறந்தது. வீதியை அகலமாக்கு, நெருக்கத்தைக் குறை, நேட்டிவ் ஜனங்கள் மதிலுக்கு வெளியே போய் வீடு கட்டட்டும்! தீ அணைக்க ஆள் வைக்கும் யோசனைக்கு மேலும் அரை நூற்றாண்டு பிடித்தது. 1855-இல் அந்தப் பொறுப்பு போலீஸ் தலையில் விழுந்தது. திருடனைப் பிடிப்பது முழுநேரம், தீயைப் பிடிப்பது பகுதிநேரம். ஒரே சமயத்தில் இரண்டும் வந்தால் எதை முதலில் பிடிப்பது என்பதில் திருடனுக்கு எந்தக் குழப்பமும் இருந்திருக்காது.

1880-களின் கடைசியில்தான் மாநகராட்சியின் பொறுப்பாகத் தனிப் படை வந்தது. இழுக்கக் குதிரைகள், வழிநடத்த லண்டன் தீயணைப்புப் படையிலிருந்து வந்த துரை. அந்தக் காலத்தில் லண்டன் பாணிக்கு அப்படி ஒரு மவுசு. அங்கே இளவரசரே, பின்னாளில் ஏழாம் எட்வர்ட் ஆனவர், தீயணைப்பு நிலையத்தில் தனக்கென்று ஒரு யூனிஃபார்ம் மாட்டி வைத்திருந்தார். நல்ல தீ ஏதாவது பிடித்தால் சொல்லி அனுப்புங்கள் என்று ஏற்பாடு. நம்மூரில் பெரிய மனிதர்கள் தீ விபத்து நடந்த இடத்தைப் பார்வையிடும் வழக்கத்துக்கு ஆதி குரு அவர்தான். ஒரு விஷயத்தில் அவர் பரவாயில்லை; கூடவே கேமரா வரவில்லை.

1907-இல் முதல் மோட்டார் வண்டி வந்தது. அதுவரை மணியடித்துக்கொண்டு நாலுகால் பாய்ச்சலில் வந்த குதிரைகள் ஓய்வு பெறத் தொடங்கின. சரித்திரத்தில் அவற்றின் பெயர் எதுவும் இல்லை. தீ நடந்த இடத்துக்குத் தாமதமாக வந்துவிட்டு, போக்குவரத்து நெரிசல் என்று காரணம் சொல்லாத கடைசித் தலைமுறை அது.

இந்த இடத்தில் எங்கள் புறநகர் பாண்டுப்பை நுழைக்காவிட்டால் சென்ட்ரல் லைன்காரர்கள் என்னை வண்டியில் ஏற்ற மாட்டார்கள். பாண்டுப்பை லேசாக நினைக்காதீர்கள். 1843-இல் பம்பாய் அரசின் தலைமை எஞ்சினியர் ஜார்ஜ் கிளார்க் இங்கே வந்தபோதுதான், பம்பாயையும் தாணேயையும் ரயிலால் இணைத்தால் என்ன என்ற யோசனை அவருக்கு முதலில் உதித்ததாம். அதற்கும் முன்னால், கம்பெனி காலத்தில், இங்கே ரம் காய்ச்சும் ஆலை இருந்தது. அரசாங்கமே வாங்கிக் குடித்தது. ரம்மும் ரயில் யோசனையும் ஒரே ஊரில் பிறந்திருப்பது தற்செயல் என்று நம்புவோமாக. காலை எட்டரை மணி லோக்கலில் பாண்டுப்பில் ஏற முயன்று பார்த்தவர்கள், கிளார்க் துரை தெளிவாகத்தான் இருந்தாரா என்று இன்றும் சந்தேகப்படுகிறார்கள்.

இப்போது பாண்டுப்பின் பெருமை தண்ணீர். மும்பையின் குடிநீரில் பெரும்பங்கைச் சுத்திகரிக்கும் பிரம்மாண்ட நிலையம் இங்கேதான் இருக்கிறது. ஆசியாவிலேயே பெரியவற்றுள் ஒன்று என்று மார்தட்டுவோம். அதே பாண்டுப்பில், 2021 மார்ச்சில் ஒரு நள்ளிரவு, எல்.பி.எஸ். மார்க்கில் இருந்த மாலில் தீ பிடித்தது. மாலின் மேல் மாடியில் கோவிட் மருத்துவமனை. மூச்சுக்குப் போராடிக்கொண்டிருந்தவர்கள் சிலர் புகையில் உயிரிழந்தார்கள். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. அன்றைய மேயர் வந்து பார்த்துவிட்டு, மாலுக்குள் மருத்துவமனையை இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன் என்று வியந்ததைத் தவிர. மாநகரின் முதல் குடிமகளுக்கே அது அன்றைய செய்தி!

அதே ஆண்டு ஜூலையில் ஓர் இரவு பெருமழை. அந்தத் தண்ணீர் நிலையத்துக்குள்ளேயே தண்ணீர் புகுந்தது. பம்புகள் நின்றன. மழையில் மிதந்த நகரத்தின் குழாய்கள் காற்றை விட்டன. தண்ணீர் வந்ததும் காய்ச்சிக் குடியுங்கள் என்று மாநகராட்சி அறிவித்தது. வருணன் ஒரு வழியாக வேலைக்கு வந்தான். இலாகா மட்டும் மாறிப் போச்சு.

இனி நம் கதையின் நடுநாயகத்துக்கு வருவோம். 1944 ஏப்ரல் 14. விக்டோரியா டாக். 'ஃபோர்ட் ஸ்டிகின்' என்ற சரக்குக் கப்பல், ஏழாயிரம் டன்னுக்கு மேல். பிரிட்டனிலிருந்து பிப்ரவரியில் கிளம்பி, கராச்சியில் ஒரு நிறுத்தம் போட்டு, 12-ஆம் தேதி பம்பாயில் வந்து கட்டிக்கொண்டது. உள்ளே என்ன? சுமார் 1,400 டன் வெடிபொருள். பிரித்துக் கட்டிய போர் விமானங்கள். ரூபாயின் மதிப்பைத் தாங்கிப்பிடிக்க அனுப்பிய 124 தங்கக் கட்டிகள். கராச்சியில் ஏற்றிய 8,700 பொதிப் பருத்தி. ஆயிரத்துச் சொச்சம் பீப்பாய் எண்ணெய். மரக்கட்டை, கந்தகம், பழைய இரும்பு. போதாக்குறைக்கு மீன் உரம். வெடிப்பதும் எரிவதும் மட்டும் போதாது, நாறவும் வேண்டும் என்று யாரோ ரசனையோடு அடுக்கியிருக்கிறார்கள்.

யுத்தக் காலம், கப்பலுக்குப் பஞ்சம், இடமிருந்தால் எதையும் ஏற்று என்பது மேலிடத்து உத்தரவு. வெடிமருந்துக்கு மேலேயும் கீழேயும் பஞ்சு. உலகம் முழுக்க எந்தப் பாட்டியைக் கேட்டாலும் "அடப்பாவி" என்று தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். பாட்டியைக் கேட்கும் வழக்கம் பிரிட்டனின் போர்க்காலப் போக்குவரத்து அமைச்சகத்தில் இல்லை.

இன்னொரு அழகு. அபாயச் சரக்கு இருக்கும் கப்பலில் சிவப்புக் கொடி ஏற்ற வேண்டும் என்பது பழைய விதி. இந்தக் கப்பலில் கொடி இல்லை. போர்க்காலத்தில் எதிரிக்கு நாமே அடையாளம் காட்டுவானேன் என்ற தந்திரமாம். தந்திரம் பலித்தது. ஜப்பான்காரனுக்குக் கடைசிவரை தெரியவில்லை. பக்கத்தில் கட்டியிருந்த கப்பல்களுக்கும், கரையில் நின்ற கூலிகளுக்கும், வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்துக்கும்கூடத் தெரியவில்லை.

மதியம் இரண்டு மணி வாக்கில் இரண்டாம் எண் அறையிலிருந்து புகை. டாக்கில் காவலிருந்த தீயணைப்பு ஆட்கள் உடனே தண்ணீர் அடிக்க ஆரம்பித்தார்கள். பெரிய படையை வரவழைக்க ஒருவர் டெலிபோனுக்கு ஓடினார். டெலிபோன் இருந்தது. அதில் டயல் இல்லை! யாரும் கண்டபடி பேசிவிடக் கூடாதே என்ற முன்னெச்சரிக்கை. அவர் என்ன செய்வார், தெருவோர அலாரம் பெட்டியின் கண்ணாடியை உடைத்தார். அலாரத்துக்கு மணியடிக்கத் தெரியும். "ஐயா, உள்ளே 1,400 டன் வெடிமருந்து" என்று சொல்லத் தெரியாது. ஆகவே முதலில் கிளம்பி வந்தவை இரண்டே வண்டிகள். கால் அணா டெலிபோன் செலவை மிச்சம் பிடித்த அந்த நிர்வாகியின் பெயர் நமக்குக் கிடைக்காதது தேசிய நஷ்டம்.

விவரம் தெரிந்து மேலும் வண்டிகள் வந்தன. இனிதான் நம் பெரிய மனிதர்களின் அரங்கேற்றம். வெடிமருந்து நிபுணரான ராணுவ கேப்டன் சொன்னார், கப்பலை மூழ்கடியுங்கள். டாக் மேலாளருக்கு அது பிடிக்கவில்லை, வெளியே இழுத்துக் கடலுக்குக் கொண்டு போகலாம் என்றார். தீயணைப்புத் தலைமைக்கு, இன்னும் தண்ணீர் அடித்தால் அடங்கும் என்று நம்பிக்கை. கப்பல் கேப்டன் நெய்ஸ்மித்துக்குத் தன் கப்பல் தன் கப்பல்தான். யாராவது மேலிருந்து உத்தரவு கொடுத்தால் பரவாயில்லை. நால்வரும் அறிவாளிகள். நால்வர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நால்வருக்கும் மேலே ஒரே குரலில் "இதைச் செய்" என்று சொல்லும் ஐந்தாவது ஆள் மட்டும் இல்லை. இரண்டு மணி நேரம் பம்பாயின் தலையெழுத்து ஒரு கமிட்டி மீட்டிங்கில் இருந்தது.

இதற்கிடையே 32 குழாய்கள். 900 டன் தண்ணீர் உள்ளே போயிற்று. பஞ்சுக்கு ஒரு குணம் உண்டு, தண்ணீரில் மிதக்கும். எரிகிற பஞ்சும் அப்படியே. தண்ணீர் ஏற ஏறப் பஞ்சும் ஏறியது. பஞ்சுக்கு மேல் தட்டில் என்ன இருந்தது என்று மறுபடி சொல்ல வேண்டுமா? கப்பலின் பக்கத் தகட்டில் ஓரிடம் பெயின்ட் கொப்பளிக்கும் அளவுக்குக் காய்ந்தது. அங்கே துளை போட்டால் தீயின் மூலத்தில் நேராகத் தண்ணீர் அடிக்கலாம் என்று கேஸ் கட்டரைத் தருவித்தார்கள். கட்டர் வந்தது. வேலை செய்யவில்லை. அரசுக் கொள்முதலின் பாரம்பரியம் நீண்டது.

மாலை 4 மணி 6 நிமிடம். கப்பல் வெடித்தது. அரைமணி நேரம் கழித்து, 4.34-க்கு, மிச்சமிருந்ததும் வெடித்தது. பக்கத்தில் நின்ற 'ஜலபத்மா' என்ற கப்பலை அலை தூக்கிக் கரையில் உட்கார வைத்தது. 1,700 கிலோமீட்டருக்கு அப்பால் சிம்லாவில் இருந்த நிலநடுக்கமானியின் ஊசி துள்ளியது. பம்பாயிலிருந்து ஒரு மனு சிம்லா போய்ச் சேர்ந்து யாரையாவது அசைப்பதற்கு மாதக் கணக்கு ஆகும் காலம். பிரிட்டிஷ் இந்திய வரலாற்றிலேயே மேலிடத்துக்கு மிக வேகமாகப் போன ரிப்போர்ட் இதுவாகத்தான் இருக்கும்.

செத்தவர்கள் 800-லிருந்து 1,300 வரை என்று கணக்குகள் வேறுபடும். தீயணைப்பு வீரர்கள் 66 பேர். அந்த 66 பேரில் யாரும் கமிட்டி மீட்டிங்கில் இல்லை. கொடி ஏற்றாதது, டயலைக் கழற்றியது, பஞ்சை அடுக்கியது எதிலும் அவர்கள் கை கிடையாது. கையில் இருந்தது குழாய். அதைப் போட்டுவிட்டு ஓடலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. நெய்ஸ்மித்தும் தன் கப்பலோடு போனார். நாம் கேலி செய்ய வேண்டியவர்கள் எல்லோரும் அன்று மாலை டாக்கில் இல்லாதவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எண்பதாயிரம் பேர் வீடிழந்தார்கள். மூன்று நாள் எரிந்தது. ஐந்து லட்சம் டன் இடிபாட்டை அள்ள 8,000 பேர் ஏழு மாதம் உழைத்தார்கள். ஊரே ஜப்பான் குண்டு போட்டுவிட்டது என்று நம்பி, மூட்டை கட்டி ரயில் நிலையத்துக்கு ஓடியது. உண்மையைச் சொல்லி அமைதிப்படுத்த வேண்டிய அரசு, செய்திக்குத் தணிக்கை போட்டது. ஜப்பானியர் கையிலிருந்த சைகோன் ரேடியோ மறுநாளே விஷயத்தை உலகுக்கு விலாவாரியாக ஒலிபரப்பியது. எதிரிக்குத் தெரியக் கூடாது என்ற ரகசியத்தை எதிரி ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். பம்பாய்ப் பத்திரிகைகளுக்கு அனுமதி கிடைத்தது மே மாதம். ஏப்ரலில் கூரை பறந்த மனிதர், அது பறந்ததை மே மாதம் அதிகாரபூர்வமாகத் தெரிந்துகொண்டார்.

தங்கம் என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? வந்துட்டேன். பன்னிரண்டு கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு கட்டி ஆகாய மார்க்கமாக ஒரு மைல் பறந்து, ஒரு பார்சிப் பெரியவரின் வீட்டு வராந்தாவில் இறங்கியது. மனுஷன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்! சர்க்கார் மெய்சிலிர்த்துப் பரிசு கொடுத்தது. எவ்வளவு? ரூபாய் 999. அந்த ஒரு ரூபாயைக் குறைத்த அதிகாரியும், டயலைக் கழற்றியவரும் ஒரே குடும்பமாக இருக்கலாம். பெரியவர் அந்தப் பணத்தையும் நிவாரண நிதிக்கே தந்துவிட்டார். மற்ற கட்டிகள் டாக் சேற்றில் புதைந்தன. தூர் வாரும்போது எழுபதுகளில்கூட அகப்பட்டன. ஆக, இந்த முழுக் கதையிலும் ஒழுங்காக நடந்துகொண்டவர்கள் மூன்றே பேர்: தீயணைப்பு வீரர், பார்சி, சேறு.

அந்த ஏப்ரல் 14-தான் இன்றும் நாடு முழுக்கத் தீயணைப்புச் சேவை தினம். அந்த வாரம் தீயணைப்பு வாரம். உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? எப்படி இருக்கும், அன்றைக்குத்தான் சித்திரை ஒன்று. மாட்டுங்காவில் பூக்கடை நிரம்பி வழியும். தாராவியில் அம்பேத்கர் ஜெயந்தி மேளம் காதைப் பிளக்கும். இரண்டுக்கும் நடுவில் பைக்குலா தலைமையகத்தில் மலர் வளையம் வைப்பார்கள். பிழைத்திருப்பதைக் கொண்டாடும் கூட்டத்துக்கு, பிழைக்க வைத்தவர்களின் நாள் அது என்று சொன்னால் பாயசத்துக்கு நடுவில் "அப்படியா?" என்பார்கள்.

இதைப் படித்துவிட்டு, பம்பாய்க்காரன் இப்படித்தான், எங்க மெட்ராஸ் உஷார் என்று மார்தட்டாதீர்கள். 1942 ஏப்ரலில் ஜப்பான் கப்பல்கள் வங்காள விரிகுடாவில் திரிந்தன. கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் குண்டு விழுந்தது. சென்னையில் அரசாங்கம் என்ன செய்தது? ஊரைக் காலி செய்யச் சொல்லிவிட்டு, முதலில் தான் காலி செய்தது. ஹைகோர்ட் கோயம்புத்தூருக்குப் போயிற்று. சட்டமே மேற்கு நோக்கி ஓடினால் ஜனங்கள் கிழக்கிலா நிற்பார்கள்?

அதோடு விட்டார்களா? பீப்பிள்ஸ் பார்க்கில் மிருகக்காட்சிசாலை இருந்தது. குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் சிங்கம், புலி தெருவுக்கு வந்துவிடுமே என்று யாருக்கோ கவலை. போலீஸ் வந்து எல்லாவற்றையும் சுட்டுத் தீர்த்தது. சிங்கங்கள் யுத்தத்தில் எந்தப் பக்கமும் சேரவில்லை என்று வாதாட ஹைகோர்ட்டும் ஊரில் இல்லை. 1943 அக்டோபரில் ஒற்றை ஜப்பான் விமானம் வந்து, துறைமுகப் பக்கம் சில குண்டுகளைப் போட்டுவிட்டுப் போனது. அன்றைக்கு எந்தப் புலியும் தப்பி ஓடவில்லை. சிவில் டிஃபென்ஸின் மகத்தான வெற்றி!

மறுபடி பம்பாய். 1946 டிசம்பர் 6-ஆம் தேதி மொரார்ஜி தேசாய் இங்கே ஹோம் கார்ட்ஸ் படையை அமைத்தார். கலவரத்திலும் ஆபத்திலும் கைகொடுக்கத் தன்னார்வலர் படை. பிற்பாடு நாடு முழுக்கப் பரவியது. நல்ல காரியம், ஒரு கும்பிடு. ஆனால் தீயை அணைக்கத் தொண்டர்களைத் திரட்டிய அதே கை, சில வருஷத்தில் மதுவிலக்கையும் கொண்டுவந்தது. விளைவு, ஒரு காலத்தில் பாண்டுப்பில் அரசாங்க ஆசீர்வாதத்தோடு காய்ச்சியதை, தாராவிச் சேற்றில் ராத்திரியில் திருட்டுத்தனமாகக் காய்ச்சினார்கள். அடுப்பு, ஸ்பிரிட், குடிசை மூன்றும் ஒரே சந்துக்குள். அணைக்க வரும் வண்டி அந்தச் சந்துக்குள் நுழையாது. மெயின் ரோட்டில் நின்று குழாயை நீட்ட வேண்டியதுதான், இன்றைக்கும்.

1971 போர்க்கால பிளாக்-அவுட்டைப் பெரியவர்களிடம் கேட்டால் கண்கள் மின்னச் சொல்வார்கள். ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம், கார் விளக்குக்குப் பாதிக் கறுப்புப் பெயின்ட். "லைட் பந்த் கரோ!" என்று தெருவில் வார்டன் கத்துவார். அதுவரை சால் குடியிருப்பில் யாரும் பொருட்படுத்தாத ஒரு சாது மனிதர், கையில் பட்டை கட்டியதும் ஒரே இரவில் ஃபீல்டு மார்ஷல் ஆகிவிடுவார். எதிரி விமானிக்குப் பயந்தவர்களைவிட, எதிர்வீட்டு வார்டனுக்குப் பயந்து விளக்கணைத்தவர்கள் அதிகம்.

2025 மே 7-ஆம் தேதி 'ஆபரேஷன் அப்யாஸ்'. 244 சிவில் டிஃபென்ஸ் மாவட்டங்களில் ஒத்திகை. சைரன் ஊதினால் பதுங்கு, விளக்கை அணை. தேதியும் நேரமும் சொல்லி, முறையாக அழைத்துத்தான் நடத்தினார்கள். சைரன் கேட்டதும் நம் ஜனங்கள் பதுங்கினார்களா? செல்போனைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினார்கள். இருட்டைப் படம்பிடிக்க ஃபிளாஷ் போட்டவரையும் நம் தேசம்தான் பெற்றெடுத்தது.

சரி, மேயரையும் துரையையும் இராவணனையும் கிழித்தாயிற்று. இப்போது கொஞ்சம் உங்கள் மாடிப்படிப் பக்கம் வாருங்கள். ஆமாம், உங்களைத்தான். படிக்கட்டுத் திருப்பத்தில் செருப்பு ஸ்டாண்டு, பழைய வாஷிங் மெஷின், பையன் ஆறாம் வகுப்பில் ஓட்டிய சைக்கிள். சிவப்புப் பெட்டியைத் திறந்தால் தீயணைப்புக் குழாய் இருக்கும் இடத்தில் துடைப்பமும், போன கணபதிக்கு வாங்கிய சீரியல் பல்பும். சிலிண்டரின் கடைசிப் பரிசோதனைத் தேதியைப் படிக்கத் தொல்லியல் துறை வர வேண்டும். மொட்டை மாடிக் கதவுக்குப் பூட்டு. சாவி செயலாளரிடம். செயலாளர் ஊருக்குப் போயிருக்கிறார்.

மகாராஷ்டிரத்தில் இதற்குச் சட்டம் இருக்கிறது. 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒவ்வொரு ஜனவரியிலும் ஜூலையிலும், தீயணைப்பு ஏற்பாடுகள் நல்ல நிலையில் உள்ளன என்று 'ஃபார்ம் பி' கொடுக்க வேண்டும். அது கரெக்டாகப் போய்விடும். துடைப்பம் பெட்டிக்குள் இருக்கும், ஃபார்ம் ஃபைலுக்குள் இருக்கும். இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. தீ பிடித்தால் விசாரணைக் கமிஷன் முதலில் கேட்பது ஃபைலைத்தான் என்பது செயலாளருக்கும் தெரியும்.

பொதுக்குழுவில் ஒரு அப்பாவி எழுந்து, "குழாயை மாத்தணும், பம்ப்பைச் சரி பண்ணணும்" என்று சொல்லட்டும் பார்ப்போம். மெயின்டனன்ஸ் ஏறுமே என்று ஆளாளுக்குப் பாய்வார்கள். "நாப்பது வருஷமா இருக்கோம், இதுவரைக்கும் பிடிச்சுதா?" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்பார். லண்டன் மேயர் பிளட்வொர்த்துக்கு மறுபிறவி உண்டென்றால் அது நிச்சயம் ஹவுசிங் சொசைட்டியில்தான். குழாய் அடுத்த வருஷத்துக்குத் தள்ளிப்போகும். அதே கூட்டத்தில், லாபியைப் புதுப்பிப்பதும், திறந்து வைக்கும் கார்ப்பரேட்டர் பெயரிலிருந்து துணைப் பொருளாளர் பெயர்வரை பொறித்து வாசலில் ஒரு கல்வெட்டு வைப்பதும் கைதட்டலோடு நிறைவேறும்.

அந்தக் கல்வெட்டு நல்ல கெட்டி மார்பிள். கட்டடமே எரிந்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஒரு விஷயத்திலாவது ஃபயர் சேஃப்டி பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள்.